பைக் செட்டில் பென்டிரைவ் பாட்டு: சேலம், ஏற்காடு பக்கம் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைக்கில் பொருத்திய பாட்டு செட்டில் பென்டிரைவ் செருகிக் கேட்பவர்களுக்கான பக்கம் இது. ஹேண்டில்பாரில் மாட்டும் சின்ன செட், புல்லட்டின் பக்கப் பெட்டிக்குள் ஆம்ப் (ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) வைத்த செட், பெரிய வண்டிகளில் கம்பெனியே பொருத்தித் தரும் செட் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கான வேலை முழுவதும் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். ரோட்டில் இறங்கிய பிறகு ஹேண்டிலை விட்டுக் கையை எடுக்க வைக்கும் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

போனில் புளூடூத் இருக்கிறதே, பென்டிரைவ் எதற்கு?

டவுனுக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் போய்வர புளூடூத் போதும். ஏற்காடு ஏறுகிறவர்களுக்குத்தான் பென்டிரைவின் அருமை தெரியும். மலைப்பாதையில் டேட்டா விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இணையத்தில் ஓடும் பாட்டு பாதியில் நின்றுவிடும். எஃப்எம் அலைக்கு நேர்ப் பார்வை வேண்டும். குறுக்கே மலை வந்துவிட்டால் ஒரு வளைவில் தெளிவாகக் கேட்கும், அடுத்த வளைவில் கரகரக்கும். பென்டிரைவுக்குச் சிக்னலே தேவையில்லை.

போனைக் காப்பாற்றுவதும் ஒரு காரணம். ஹேண்டில்பாரில் மாட்டிய போன் இன்ஜின் அதிர்வு முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. அதிக அதிர்வுள்ள பைக்குகளில் ஐபோனை நேரடியாக மாட்டினால் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகம் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. பாட்டைப் பென்டிரைவிடம் விட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வையுங்கள். நடுவில் அழைப்பு வந்து பாட்டை அறுக்கவும் செய்யாது.

பென்டிரைவைச் செருகினால் செட் கண்டுகொள்ளவே இல்லை. கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் திறக்கிறது. ஏன்?

பெரும்பாலும் ஃபார்மேட்தான், அதாவது பென்டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைதான் காரணம். கம்ப்யூட்டருக்கு என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 எல்லாம் படிக்கத் தெரியும். பைக் செட்டுகளில் பலவற்றுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். 64 ஜிபி, அதற்கு மேல் உள்ள பென்டிரைவுகள் பல எக்ஸ்ஃபேட்டில்தான் கடைக்கு வருகின்றன. புதிதாக வாங்கியதாயிற்றே என்று செட்டைச் சந்தேகப்படாதீர்கள்.

உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் பதிப்புகள் பலவற்றில் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாது. அதற்கு ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முன்பு விண்டோஸ் ஏற்றப் பயன்படுத்திய பென்டிரைவ் என்றால் அதன் பார்ட்டிஷன் (உள்ளிடத்தைப் பிரித்து வைக்கும் முறை) ஜிபிடி வகையாக இருக்கலாம். அதை எம்பிஆர் என்ற பழைய வகையாக மாற்றினால் பல செட்டுகள் படித்துவிடும். ஃபேட்32இல் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. பாட்டுக்கு அது ஒரு தடையே இல்லை.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

16 அல்லது 32 ஜிபி. கணக்கு எளிது: 192 கேபிபிஎஸ் (ஒரு வினாடி ஒலிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு) எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 எம்பி எடுக்கும், ஐந்து நிமிடப் பாட்டுக்கு 7 எம்பி. 16 ஜிபியில் 2,000 பாட்டுக்கு மேல் அடங்கும். அதற்கு மேல் ஏற்றினால், சாவியைத் திருப்பியதும் செட் எல்லா ஃபைலையும் துழாவி முடிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். இத்தனை ஃபோல்டர், இத்தனை ஃபைல் என்று சில செட்டுகளுக்கு வரம்பும் உண்டு. வரம்பைத் தாண்டியவை கண்ணிலேயே படாது.

நம்ப முடியாத குறைந்த விலையில் 1 டிபி, 2 டிபி என்று விற்கும் பென்டிரைவை வாங்காதீர்கள். அளவைப் பொய்யாகக் காட்டும்படி உள்ளே மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் அடுத்து ஏற்றுவது பழையதன் மேலேயே விழும், அல்லது காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்துவிடலாம்.

சில பாட்டுகளை மட்டும் பாடாமல் தாண்டிப் போகிறது.

அந்த ஃபைல் எம்பி3 தானா என்று பாருங்கள். பெயரின் கடைசியில் எம்பி3 என்று எழுதியிருந்தால் மட்டும் எம்பி3 ஆகிவிடாது. இணையத்திலிருந்து எடுக்கும் ஒலி ஃபைல்களில் பல உண்மையில் எம்4ஏ அல்லது ஓபஸ். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவும் ஓபஸ்தான். பெயரை மாற்றினால் போனும் கம்ப்யூட்டரும் உள்ளே பார்த்துப் புரிந்துகொண்டு பாடிவிடும். பைக் செட் பெயரை நம்பி உள்ளே போய் விழித்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவும். பெயரை மாற்றாமல் ஃபைலையே மாற்றுங்கள். விஎல்சி, ஆடாசிட்டி இரண்டும் இலவசமாகவே செய்து தரும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வகை ஃபைல்களையும் பல சின்ன செட்டுகள் பாடாது.

மேக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்களுக்கு வேறொரு தொல்லை. ஒவ்வொரு பாட்டோடும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த ஒரு மறைவு ஃபைலை மேக் எழுதி வைக்கும். செட் அதையும் பாட்டு என்று எண்ணித் திறக்கப் பார்க்கும். பாட்டு, பிறகு ஒரு மௌனம், பிறகு பாட்டு என்று மாறி மாறி வந்தால் இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடுங்கள்.

வரிசையாகத்தான் ஏற்றினேன். செட் தன் இஷ்டத்துக்குப் பாடுகிறதே?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒரு முறை புரிந்துவிட்டால் பிறகு தொல்லையே இல்லை.

கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்தால் அகர வரிசையில் தெரிவது, திரையில் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் அப்போது அடுக்கியது. பென்டிரைவுக்குள் இருக்கும் பட்டியல் அப்படி இல்லை. எந்த ஃபைல் முதலில் வந்து விழுந்ததோ அது முதல் வரி, அடுத்து வந்தது அடுத்த வரி. சின்ன செட்டுகள் பெயரைப் பார்த்து அடுக்காமல், பட்டியலை மேலிருந்து கீழே அப்படியே படித்துப் பாடுகின்றன. ஒரு பாட்டை அழித்தால் அந்த வரி காலியாகும். அடுத்து ஏற்றும் பாட்டு கடைசிக்குப் போகாமல் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் ஏற்றிய பாட்டு பழைய பாட்டுகளுக்கு நடுவில் முளைப்பது இதனால்தான்.

மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடும்போது இன்னொன்றும் நடக்கிறது. எந்த ஃபைலின் மேல் மவுஸை வைத்து இழுக்கிறீர்களோ அதிலிருந்து விண்டோஸ் நகல் எடுக்கத் தொடங்கும். பத்தாவது பாட்டைப் பிடித்து இழுத்திருந்தால் அதுதான் முதல் பாட்டு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாட்டுப் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் பெயர் வரிசை பார்க்கும் செட்டுகள் 1, 10, 11, 2 என்று அடுக்கும். முன்னால் சுழி சேர்ப்பது அதற்காகத்தான். பென்டிரைவைக் காலி செய்து ஃபார்மேட் போட்டு, கம்ப்யூட்டரில் பாட்டுகளைப் பெயர் வரிசையில் வைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முதல் பாட்டின் மேல் வலது கிளிக் செய்து நகலெடுத்து ஒரே மூச்சில் ஒட்டுங்கள். இதற்கும் பொறுமை இல்லாவிட்டால் டிரைவ்சார்ட் என்ற சின்ன மென்பொருள், ஏற்கெனவே ஏற்றியவற்றின் உள்பட்டியலையே பெயர் வரிசைக்கு மாற்றிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேட்சார்ட் உண்டு.

ஃபோல்டர்களுக்கும் இதே விதி. பாடகர் வாரியாக, படம் வாரியாகப் பிரிப்பதைவிடப் போகும் வழி வாரியாகப் பிரிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். டவுனுக்கு ஒன்று, மலை ஏற ஒன்று, ஓமலூர் தாண்டி நெடுஞ்சாலைக்கு ஒன்று. கிளம்பும் முன் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு பட்டனே தேவைப்படாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மலை ஃபோல்டரில் ஒன்றரை மணி நேரப் பாட்டு இருந்தால் தேநீருக்கு நிறுத்தினாலும் தீராது.

தமிழில் பெயர் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வருகிறது.

செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. பாட்டு ஓடுவதில் பிரச்சினை வராது. பெயர் படிக்க வேண்டுமென்றால் ஃபைல் பெயரையும் உள்ளே பாட்டு, பாடகர் பெயர் எழுதியிருக்கும் ஐடி3 குறிப்பையும் ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். எம்பி3டேக் என்ற மென்பொருளில் மொத்தமாக மாற்றலாம். அப்போதே பெரிய அட்டைப் படங்களையும் நீக்கிவிட்டால் பாட்டு சீக்கிரம் தொடங்கும்.

ஒரு பாட்டு மெதுவாக, அடுத்தது காதைப் பிளக்கிறது. ஒவ்வொரு முறையும் சவுண்டைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது.

பழைய பாட்டுகளின் பதிவு அளவு குறைவு. இப்போதைய பாட்டுகள் உச்சம் வரை அழுத்தி ஏற்றப்படுகின்றன. வளைவில் கிளட்ச்சை விட்டுக் கை வால்யூமுக்குப் போவது இந்த வித்தியாசத்தால்தான். அதனால் இதைச் சரிசெய்வது சொகுசுக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். பாட்டை மறுபடி சுருக்காமல், ஃபைலில் எழுதியிருக்கும் ஒலி அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுவதால் தரம் குறையாது. வழக்கமாக 89 டெசிபல் என்று வைத்திருக்கும். அந்த அளவு பைக் ஸ்பீக்கருக்குச் சற்றுக் குறைவாகப் பட்டால் 92 வைக்கலாம்.

சில பழைய பாட்டுகளில் குரல் கேட்கிறது, வயலின் காணோம். சிலவற்றில் நேர்மாறாக.

ஒரு பக்க ஸ்பீக்கர் வயர் விட்டிருக்கும், அல்லது இடது பக்க வயரை மட்டும் இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்திருப்பார்கள். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறு பக்கமும் பிரித்தே வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் போனால் பாதிப் பாட்டு போய்விடும்.

அதற்கும் முந்தைய மோனோ பாட்டுகளில் இந்தக் கவலை இல்லை. ஏற்காடு ரோட்டில் நாம் கடந்து போகும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவின் வாசல். அங்கே உருவான படங்களின் பாட்டுகள் மோனோ காலத்தவை. எந்த ஸ்பீக்கரிலும் முழுதாக ஒலிக்கும். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம், மலைக்குப் போகும் வழியிலேயே பாட்டு பிறந்த இடம் ஒன்று நம் ஊருக்கு இருந்ததே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

வயரைச் சரிபார்த்தும் பிரிந்தே கேட்டால் ஆடாசிட்டியில் அந்தப் பாட்டை மோனோவாக மாற்றிச் சேமியுங்கள். ஓடும் பைக்கில் மோனோவால் இழப்பு எதுவும் இல்லை.

320 கேபிபிஎஸ் வேண்டுமா?

வேண்டாம். காற்று, இன்ஜின், ஹெல்மெட் மூன்றையும் தாண்டி அந்த வித்தியாசம் காதுக்கு வராது. 192 போதும். 128 பாட்டை 320க்கு மாற்றுவதில் பலனே இல்லை: ஃபைல் பெருக்கும், இழந்த ஒலி திரும்பாது.

போனையே கேபிளில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது.

ஆண்ட்ராய்டு போன் தன்னைப் பென்டிரைவ் போலக் காட்டிக்கொள்வதில்லை. எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகிறது. சின்ன செட்டுகளுக்கு அது புரியாது. ஐபோனும் அப்படியே. ஆக்ஸ் கேபிள் (ஹெட்போன் துளையிலிருந்து போகும் ஒலி வயர்) அல்லது புளூடூத்தான் வழி. 2018ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா கோல்டு விங்கில்தான் முதன்முதலாக ஒரு பைக்கில் ஆப்பிள் கார்பிளே (ஐபோனை வண்டியின் திரையோடு இணைக்கும் வசதி) வந்தது. அந்த வகை வண்டிகளில் கதை வேறு.

குழியில் இறங்கினால் பாட்டு நின்று, முதலிலிருந்து தொடங்குகிறது.

பென்டிரைவுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை, அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. ஆடுவது செருகிய இடம். நீளமான பென்டிரைவ் நெம்புகோல் போல யுஎஸ்பி வாயைத் தளர்த்திவிடும். விரல் நக அளவே வெளியே தெரியும் குட்டி பென்டிரைவ் வாங்குங்கள். ஒரு சாண் நீள யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு, பென்டிரைவை சீட்டுக்கு அடியிலோ டேங்க் பையிலோ வைப்பது இன்னும் நல்லது. மழைக்கும் பாதுகாப்பு. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தியவர்களுக்குக் குரங்குகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தொங்கும் எதையும் விட்டு வைக்காது.

சாவி போடும்போதெல்லாம் பாட்டு முதலிலிருந்தேதான் தொடங்குகிறது என்றால், செட்டின் வயரைப் பாருங்கள். கார் வகை செட்டில் மஞ்சள் வயர் பேட்டரிக்கு நேராகவும், சிவப்பு வயர் சாவி வழியாகவும் போக வேண்டும். இரண்டையும் சாவிக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டால் விட்ட இடத்தை அது மறந்துவிடும். இரண்டையும் பேட்டரியில் கட்டினால் இரவெல்லாம் கரண்ட் குடிக்கும்.

பேட்டரி தாங்குமா?

ஓடும்போது தாங்கும், நிறுத்தி வைத்தால் தாங்காது. சாதாரண 100 சிசி வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 3 ஆம்பியர்-ஹவர் அளவுதான். செட் சராசரியாக ஒன்றரை ஆம்பியர் இழுத்தால், இன்ஜின் ஓடாதபோது ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால் சார்ஜிங்குக்கு ஏற்கெனவே சுமை அதிகம். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் இன்ஜினை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்பது சுகம்தான். ஆனால் கிக்கர் இல்லாத வண்டி என்றால் கொஞ்ச நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செட்டின் அட்டையில் 1000 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் உண்மையான வாட் எத்தனை என்று கேளுங்கள். சின்ன செட்டுக்கு 20 வாட் என்பதே நல்ல அளவு. வயரிங்கில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஃபியூஸ். பேட்டரியை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஹெட்லைட் வயரைச் சீவி அதில் முறுக்கிக் கட்டும் வேலை வேண்டவே வேண்டாம், ரிலே (சாவி போட்டதும் பேட்டரி கரண்டைத் திறந்துவிடும் தானியங்கி சுவிட்ச்) வைத்துத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். 2020க்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை விதி) வண்டிகளில் இசியு என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வயரை வெட்டினால் வாரண்டியும் சிக்கலாகும், கோளாறும் வரும். எலக்ட்ரிக் வண்டி என்றால் பெரிய பேட்டரி பக்கமே கை போகக் கூடாது. 12 வோல்ட் வரும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும்.

ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று கூடவே ஏறுகிறது.

எர்த் கோளாறு. செட்டுக்கு ஒரு இடத்திலும் ஆம்புக்கு வேறு இடத்திலும் சேஸிஸில் எர்த் எடுத்திருப்பார்கள். இரண்டையும் பேட்டரியின் நெகட்டிவுக்கே கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். 'டிக் டிக்' என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து வந்தால் ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா?

சத்தத்தைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் ஒலி விதியை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அரசு மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்கள் முன்னால் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு போவது யாருக்கும் அழகில்லை. சிக்னலில் நிற்கும்போது குறைத்துவிடுங்கள்.

மலைப்பாதையில் பாட்டு கேட்கலாமா?

மெதுவாக வைத்தால் கேட்கலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரில் இறங்கும் பஸ்ஸை வளைவில் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுபிடிக்கும். ஹாரன் அடித்து, பதில் ஹாரன் வருகிறதா என்று கேட்க இடம் விட வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி இருந்தாலும் அதை நம்பி வளைவில் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முடியாது. மேலே காப்பித் தோட்டங்களை ஒட்டிய பகுதிகளில் காட்டெருமை ரோட்டைக் கடக்கும். சத்தமாகப் பாடிக்கொண்டு அதன் அருகில் போகாதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, செட்டை அணைத்துவிட்டு, அது போகும் வரை நில்லுங்கள். பனிமூட்டம் இறங்கினாலும் பாட்டு வேண்டாம்.

காதுக்குள் இயர்போன் செருகி அதன் மேல் ஹெல்மெட் போடுவதை நான் எந்த ரோட்டிலும் ஏற்கமாட்டேன். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சலே பெரியது, அதை மிஞ்சப் பாட்டைக் கூட்டுவோம். 85 டெசிபலை 8 மணி நேரம் காது தாங்கும் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். தொப்பூர் கணவாய் போன்ற இடத்தில் பின்னால் வரும் லாரியின் பிரேக் சத்தமும் காதில் விழ வேண்டும்.

கடையில் காசு கொடுத்துப் பாட்டு ஏற்றி வாங்கலாமா?

உரிமை இல்லாமல் பாட்டை நகலெடுத்து விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஏற்றித் தருபவை பலமுறை சுருக்கப்பட்ட ஃபைல்களாகவும் இருக்கும், வைரஸும் சேர்ந்து வரும். சொந்த சிடிக்கள் இருந்தால் அவற்றிலிருந்து நீங்களே எம்பி3 எடுங்கள், ஒலியின் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். பாட்டு ஆப்களில் பதிவிறக்கியவை பூட்டப்பட்டவை, பென்டிரைவுக்கு வராது.

பென்டிரைவ் எவ்வளவு காலம் உழைக்கும்?

படிப்பதால் தேயாது, திரும்பத் திரும்ப எழுதுவதால்தான் தேயும். வெயிலும் ஈரமும்தான் அதற்கு எதிரி. சாவியை அணைத்த பிறகே பிடுங்குங்கள். உலோக முனை மங்கினால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மூலப் பாட்டுகள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும், வண்டியில் போவது நகலாக மட்டும் இருக்கட்டும்.